திவானின் கிளியும் ராஜாவின் ரகசியச் சொல்லும்

செங்கழுநாட்டு அரண்மனையில் பெரிய மனிதர்களின் நகைப்பெட்டிகள் எல்லாம் ஒரே நிலவறையில்தான் இருக்கும். பூட்டு கிடையாது, சாவி கிடையாது. வாசலில் கனத்த திரை, திரைக்குப் பின்னால் ஒரு காவலன். பெட்டிக்காரர் பேரையும் அவருடைய ரகசியச் சொல்லையும் சொன்னால் போதும், பெட்டி திரைக்கு அடியில் வெளியே வந்துவிடும். ஆள் யாரென்று காவலன் எட்டிப் பார்க்கக் கூடாது. முகத்துக்கு வேஷம் போடலாம், சொல்லுக்குப் போட முடியுமா என்று கேட்டு ராஜாவின் தாத்தா போட்ட சட்டம் அது. நல்ல சட்டம்தான். சொல் வைத்தவர்களின் லட்சணம்தான் சரியில்லை!

ஒருநாள் திவான் நஞ்சுண்டராயரின் ரத்தினமாலை பெட்டியோடு காணாமல் போனது. காவலன் சடையனைக் கட்டி இழுத்து வந்தார்கள்.

"சாமி, திரைக்கு அந்தப் பக்கம் யாரோ சரியான சொல்லைச் சொன்னார்கள், கொடுத்தேன்!" என்று அழுதான் சடையன்.

"என் சொல் எனக்கும் இவனுக்கும்தான் தெரியும். அப்படியானால் எடுத்தவன் யார்? இவனேதான்!" என்று குதித்தார் திவான்.

ராஜா கனகசிங்க பூபதிக்கு விசாரிக்கிற பழக்கமெல்லாம் இல்லை. "சாயங்காலம் தூக்கில் போடுங்கள்," என்றார்.

அரண்மனை விகடகவி மாசிலாமணி எழுந்தார். "மகாராஜா, கொஞ்சம் பொறுங்கள். நிலவறை வரைக்கும் போய்விட்டு வந்துவிடுகிறேன்."

போனவர் வெறுங்கையோடு வரவில்லை. பின்னாலேயே ஆட்கள், மாற்றுக் காவலன் கொடுத்த பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"ஐயோ, என் பெட்டி!" என்று அலறினார் தளபதி.

"குதிரையின் பேரையே சொல்லாக வைத்தால் பெட்டி வராமல் என்ன செய்யும்? போருக்குப் போகிறீர்களோ இல்லையோ, 'மின்னல், மின்னல்' என்று ஊரெல்லாம் கத்திக்கொண்டு போகிறீர்களே!" என்றார் மாசிலாமணி.

"என்னுடையதும் வந்திருக்கிறதே!" என்றார் புரோகிதர்.

"தும்மினாலும் 'முருகா', தடுக்கினாலும் 'முருகா'. பெட்டிக்கு வேறு என்ன வைத்திருப்பீர்கள்? இதோ நம் பொக்கிஷதார் அதற்கும் மேலே! ரகசியச் சொல் என்ன வைக்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள். 'ரகசியச் சொல்' என்றே வைத்துவிட்டார், புண்ணியவான்!"

சபை சிரித்தது. மாசிலாமணி திவான் பக்கம் திரும்பினார்.

"உங்கள் சொல் 'பவளம்'. சரிதானே?"

திவானின் முகம் வெளுத்தது. "உனக்கு யார் சொன்னது?"

"உங்கள் கிளிதான். தன் பேரைச் சன்னலில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கூவுகிறது. தெருவில் போகிறவனுக்கெல்லாம் சொல்லைக் கொடுத்துவிட்டு, சடையன் கழுத்துக்குக் கயிறு தேடுகிறீர்களா?"

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் ஆட்கள் மடையர்கள், ஒப்புக்கொள்கிறேன். ராஜாவுமா அப்படி? என் சொல்லைச் சொல் பார்ப்போம். சொன்னால் சடையன் வீட்டுக்குப் போகட்டும். இல்லையென்றால் அவனோடு நீயும் தூக்கில் தொங்கு!"

சடையன் கண்ணை மூடிக்கொண்டான். மாசிலாமணி ராஜாவைப் பார்த்தார். பக்கத்து ஆசனத்தில் இருந்த மகாராணியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சொல்லிவிடுகிறேன் மகாராஜா. ஆனால் மகாராணியும் இருக்கிறார்களே... பரவாயில்லையா?"

ராஜாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"சொல்லுங்கள் மாசிலாமணி, நானும் கேட்கிறேன்," என்றாள் மகாராணி.

"வேண்டாம்!" என்று துள்ளி எழுந்தார் ராஜா. "அரசாங்க ரகசியம்! சடையனை அவிழ்த்து விடுங்கள். பாவம், அவன் என்ன செய்வான்? எல்லாரும் இன்றைக்கே சொல்லை மாற்றுங்கள்!"

"மகாராஜா உத்தரவு. வளர்க்கிற பிராணி, கும்பிடுகிற சாமி, வாயில் சதா வருகிற சொல் எதுவும் கூடாது," என்றார் மாசிலாமணி. "ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து சொற்களைக் கோர்த்து வையுங்கள். எவன் வந்து ஊகிக்கிறான் பார்ப்போம்."

திவான் மெல்லக் கேட்டார்: "ஏன் ஐயா, பவளத்தோடு 'ஒன்று' என்று சேர்த்துக்கொண்டால் போதாதா?"

மாசிலாமணி தலையில் அடித்துக்கொண்டார்.

சபை கலைந்ததும் ராஜா அவரைத் தூண் மறைவுக்கு இழுத்துப் போனார். "அடே மாசிலாமணி, உண்மையைச் சொல். அவள் பேர் உனக்கு எப்படித் தெரியும்?"

"அது ஒரு பேர், அதுவும் ஒரு பெண்ணின் பேர் என்பதே தாங்கள் சொல்லி இப்போதுதான் தெரிகிறது, மகாராஜா!"

ராஜா திருதிருவென்று விழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே கையிலிருந்த தங்கக் கடகத்தைக் கழற்றி நீட்டினார். பரிசா, வாயை அடைக்கவா என்று மாசிலாமணி கேட்டுக்கொள்ளவில்லை.