முட்டுவீட்டின் வாசலில்

சொக்கையா மழையில் நனைந்தபடி குருவின் மடத்துக்கு வந்தார். ஊர் அம்மன் கோயிலில் விளக்கேற்றுகிறவர்; குருவுக்கு இருபது வருஷச் சீடர். வந்தவர் உட்காரவில்லை.

"சாமி, என் மக மயிலி தலைப்பிரசவத்துக்கு வந்தவ. புள்ளை பொறந்து பதினோரு நாளாச்சு. முட்டுவீட்டுல கிடக்கா."

முட்டுவீடு என்பது ஊருக்கு வெளியே இருந்த ஓலைக் குடிசை. பிள்ளை பெற்றவள் தீட்டு என்று முப்பது நாள் அங்கேதான் இருக்க வேண்டும். ஏன் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாததாலோ என்னவோ, மீறுவதற்கு எல்லோருக்கும் பயம்.

"கூரை ஒழுகுது சாமி. பச்சப்புள்ளைக்குக் காலையிலருந்து காய்ச்சல்."

"ம்."

"வீட்டுக்குக் கூட்டியாந்தா அம்மன் கோவிச்சுக்கும்ங்கிறாங்க. எனக்கு ஒண்ணும் ஓடல. இந்த வழக்கம் சரியா தப்பான்னு நீங்கதான் சொல்லணும்."

குரு எழுந்து மழையில் நடந்தார். அம்மனிடம் பூக்கட்டிப் பார்த்து உத்தரவு கேட்கப் போகிறார் போலும் என்று சொக்கையா பின்னால் ஓடினார். குரு கோயிலைத் தாண்டிப் போய், முட்டுவீட்டுக்குள் குனிந்து நுழைந்தார்.

"சாமி, உள்ள போகாதீங்க. தீட்டு."

உள்ளே ஈரமில்லாத இடம் ஒரு முழம்தான் இருந்தது. அங்கே பிள்ளையைக் கிடத்திவிட்டு, ஒழுகலுக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள் மயிலி. குரு அவளைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அவள் இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் அவர் தலையில் சொட்டியது.

சொக்கையா வாசலிலேயே நின்றார். கெட்டவர் இல்லை, பாவம். மகள் பக்கம் திரும்பினால் அழுதுவிடுவோம் என்று குருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குரு இருமினார். மறுபடியும் இருமினார்.

"சாமி, உங்க உடம்புக்கு இந்த ஈரம் ஆகாது. எந்திரிங்க, நம்ம வீட்டுக்குப் போவோம்."

"தீட்டுப் பட்டவனையா கூப்பிடுற?"

"தீட்டாவது ஒண்ணாவது. உசுரு முக்கியம் சாமி. வாங்க."

குரு எழுந்திருக்கவில்லை.

"இதை உன் மக முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லு, சொக்கையா."