பாசிக்காலுக்குத்தான் உப்பு

மலையடிவாரத்துக் காட்டில் ஒரு ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாறைகளுக்கு நடுவே, ஒரு உப்புமண் மேடு. இந்தப் பக்கத்து மிருகங்கள் எல்லாம் அங்கே போய்த்தான் உப்புமண்ணை நக்கவேண்டும். நக்காவிட்டால் தாய்க்குப் பால் வற்றிப்போகும், குட்டிக்குக் கால் ஊன்றாது.

மேட்டுக்குள் நுழைய ஒரே ஒரு பாறை இடுக்கு. அந்த இடுக்கில் சடையன் என்கிற கரடி உட்கார்ந்திருந்தான். வருகிறவர்களின் காலை மோந்து பார்ப்பது அவன் வேலை. காலில் பாசி இருந்தால் உள்ளே விடுவான். இல்லாவிட்டால் விடமாட்டான்.

அது என்ன பாசி? ஆற்றின் குறுக்கே ஒரு பழைய மரம் விழுந்து கிடந்தது. அதுதான் அக்கரைக்குப் பாலம். அதன்மேல் நடந்தால் காலில் பச்சையாகப் பாசி ஒட்டும். அதற்கென்று ஒரு தனி வாசம். அக்கரையிலேயே திரிகிற செந்நாய்களின் காலில் அந்த வாசம் இருக்காது. அதனால் பாசிக்கால் என்றால் நம்ம ஆள், வெறுங்கால் என்றால் செந்நாய் என்று சடையனின் அப்பன் காலத்தில் ஒரு ஏற்பாடு. அன்றைக்கு அது நல்ல யோசனைதான். அன்றைக்கு மரமும் கெட்டியாக இருந்தது.

இப்போது மரம் உளுத்துப்போய்விட்டது. கால் வைத்தால் வழுக்கியது. கீழே ஒரு முதலை கிடந்தது. வேட்டைக்கென்று அது எங்கேயும் அலையவில்லை. சாப்பாடு மேலேயிருந்து விழுந்தது.

செவத்தியின் குட்டியும் போன வருஷம் அப்படித்தான் விழுந்தது. செவத்தி ஒரு கேளையாடு. ஆபத்தைக் கண்டால் நாய் மாதிரி குரைக்குமே, அந்தச் சின்ன மான். இந்த வருஷம் அவளுக்கு இன்னொரு குட்டி. பிறந்ததிலிருந்தே அதற்கு முன்னங்கால் மடங்கி மடங்கி விழுந்தது. உப்பு நக்காமல் இது பிழைக்காது என்று செவத்திக்குத் தெரிந்துவிட்டது.

நல்லவேளையாக, போன மழையில் மலையிலிருந்து பெரிய பெரிய பாறைகள் உருண்டு வந்து, ஆற்றின் மேல்பக்கம் வரிசையாக நின்றுவிட்டன. வழுக்காது, நனையாது. நொண்டிக் குட்டிகூடத் தாண்டிவிடலாம். செவத்தி குட்டியைக் கூட்டிக்கொண்டு அந்த வழியில் அக்கரைக்குப் போனாள்.

சடையன் குனிந்து மோந்தான். "பாசி எங்கே?"

"பாறை வழியா வந்தேன் சடையண்ணே. அந்த மரத்துல ஏற எனக்கு மனசு வரல."

"பாசி இல்லாத காலுக்கு உப்பு இல்ல."

"அண்ணே, என்னை உங்களுக்குத் தெரியாதா? எங்கம்மா காலத்திலேயிருந்து இங்கேதானே வந்துட்டுப் போறோம்."

"உன்னைத் தெரியும். உன் காலைத்தான் தெரியல."

"முகத்தைப் பார்த்தாலே நான் செந்நாயா மானான்னு தெரியாதா?"

"முகம் பார்க்கிறது என் வேலை இல்லம்மா. கால் பார்க்கிறதுதான் என் வேலை. போ, போ, பின்னாடி ஆள் நிக்குது."

செவத்தி திரும்பிவிட்டாள். 

மரத்தடிக்கு வந்தால், அங்கே கூட்டம் வழக்கம்போல வழுக்கி வழுக்கிப் போய்க்கொண்டிருந்தது. கரையோரத்து மரக்கிளைமேல் ஒரு நாரை. ஏதோ தூரத்து ஏரியிலிருந்து வந்தது. அது கழுத்தை வளைத்து வளைத்துச் சிரித்தது.

"எங்க ஏரிப்பக்கம் இந்த மாதிரி மரத்தை எல்லாம் விட்டு எத்தனையோ காலம் ஆச்சு. மேல அவ்வளவு நல்ல பாறை வழி இருக்கு. இதுங்க இன்னும் உளுத்த மரத்தையே கட்டிக்கிட்டு அழுவுதுங்க. இந்தக் காட்டுக்கே மூளை கொஞ்சம் மட்டுதான் போல."

முறுக்கன் என்கிற காட்டுப்பன்றி அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். "ஆமாங்க, நாங்க பழகிட்டோம்."

செவத்திக்குப் பொறுக்கவில்லை. "என்னத்தைப் பழகினே முறுக்கா? போன வருஷம் என் பிள்ளை விழுந்தப்போ நீயும்தானே பார்த்துட்டு நின்னே?" என்றவள் நாரையைப் பார்த்தாள். "உனக்கென்ன, றெக்கை இருக்கு. உப்பும் வேண்டாம், சடையனும் வேண்டாம். சிரிக்கிறதுக்கு முன்னாடி அந்த வாசல்ல போய் ஒருதரம் நின்னு பாரு."

நாரை அலகை மூடிக்கொண்டு பறந்துபோனது. வாசலுக்குப் போகவில்லை.

அந்த வாரமே செந்நாய்கள் வந்தன. அவை ஆற்றைக்கூடத் தாண்டவில்லை. அக்கரையில் மரத்தின் முனை கிடக்கிறதல்லவா? அதில் காலை நன்றாகத் தேய்த்துக்கொண்டு, வரிசையில் வந்து நின்றன. சடையன் மோந்தான். "பாசி இருக்கு. போ." அடுத்தது. "பாசி இருக்கு. போ." உள்ளே ஒரு புள்ளிமான் நிம்மதியாக மண்ணை நக்கிக்கொண்டிருந்தது. அது திரும்பி வரவில்லை.

காடே கொதித்துப்போய் வாசலில் கூடியது. சடையன் தலையைச் சொறிந்தான். ரொம்ப நேரம் யோசித்தான். பிறகு சொன்னான்: "பாசி போதல. அதான் தப்பு. இனிமே பாதத்துல இருந்தா பத்தாது. முழங்கால் வரைக்கும் இருக்கணும்."

முழங்கால் வரைக்கும் பாசி எங்கே கிடைக்கும்? மரத்துக்கு அடியில், தண்ணீரில் ஊறிக் கிடக்கிற பக்கத்தில். முதலை படுத்திருக்கிற இடத்தில்.

முதலைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சடையன் நல்லா இருக்கணும்" என்று வாயார வாழ்த்தியது.

செவத்தியின் குட்டிக்கு அதற்குள் எழுந்திருக்கவே முடியவில்லை. வேறு வழி இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தள்ளித் தள்ளி மரத்தடித் தண்ணீருக்குக் கொண்டுவந்தாள். குட்டி காலை வைத்தது. தண்ணீர் அசைந்தது. செவத்தி காடதிரக் குரைத்து, குட்டியின் கழுத்தைக் கவ்வி இழுத்தாள். முதலையின் வாய் வெறுமனே மூடியது. குட்டியின் காதில் பாதி போயிருந்தது.

குரைப்பைக் கேட்டு எல்லாரும் ஓடிவந்தார்கள். செவத்தி ரத்தம் சொட்டும் குட்டியை முன்னால் தள்ளித் தள்ளி, பாறை வழியாகவே அக்கரைக்கு நடந்தாள். கூட்டம் பின்னாலேயே போனது.

"பாசி எங்கே?" என்றான் சடையன்.

"சடையா" என்றாள் செவத்தி. பேச்சில் 'அண்ணே' போய்விட்டது. "நீ அந்த மரத்துல எத்தனை தடவை நடந்திருக்கே?"

"நானா? நான் எதுக்கு நடக்கணும்? நான் இந்தக் கரைக்காரன். எனக்குத்தான் உப்பு இங்கேயே இருக்கே."

சொல்லிவிட்டுத் தன் பேச்சில் என்ன தப்பு என்று தெரியாமல் எல்லாரையும் பார்த்தான். 

"கேட்டீங்களா?" என்றாள் செவத்தி. "ஒருநாளும் அந்த மரத்துல ஏறாதவன் நம்மளை ஏறச் சொல்லிட்டு உக்காந்திருக்கான். நம்ம பிள்ளைங்க விழுறாங்க. செந்நாய் காலைத் தேய்ச்சுக்கிட்டு உள்ளே போகுது. பழி மட்டும் நமக்கு, மூளை இல்லாத கூட்டம்னு. நான் தனியா வந்தப்போ இவன் திருப்பி அனுப்பினான். இத்தனை பேரையும் அனுப்புவானா? செந்நாய் வாசம் வந்தா குரைக்க நான் இருக்கேன். என் தொண்டைக்கு இருக்கிற புத்தி இவன் மூக்குக்கு இல்ல."

முதலில் அசைந்தவன் முறுக்கன். அசட்டுச் சிரிப்பு எல்லாம் காணோம். சடையனைத் தோளால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனான். அவன் பின்னால் மான்கள். மான்கள் பின்னால் காட்டெருமை, முயல், முள்ளம்பன்றி.

சடையன் ஒவ்வொரு காலாகக் குனிந்து மோந்தான். "பாசி இல்ல. இதுலயும் இல்ல. ஏய், இதுலயும் இல்லப்பா." கேட்க ஆள் இல்லை.

குட்டி மண்டியிட்டபடியே உப்புமண்ணை நக்கியது. நக்க நக்க அதற்கு ருசி பிடித்துப்போனது. செவத்தி வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, காதை விடைத்துக்கொண்டு நின்றாள். அவள் கோபம் இன்னும் தணியவில்லை. தணியவேண்டிய அவசியமும் இல்லை.

ஒரு நாடே இணையம் பார்க்க இன்னும் உளுத்துப்போன பழைய பிரவுசரைக் கட்டிக்கொண்டு அழுகிறது என்று யாராவது சிரித்தால், அதில் ஏறி வழுக்குகிறவர்களைத் திட்டாதே; அதில் வந்தால்தான் என் இணையதளத்தின் கதவைத் திறப்பேன் என்று சொகுசாக உள்ளே உட்கார்ந்திருக்கிறவன் யார் என்று கேள்.