ரூபியம்மா கேட்ட ஃபிங்கர் சிப்ஸ்

"மாஸ்டரம்மா, நான் செய்யற ஃபிங்கர் சிப்ஸ் குளிச்சிட்டுத் தலை துவட்டாம வந்த மாதிரியே இருக்கு," என்றார் தேவசகாயம்.

குன்னூர் தேயிலை ஆலை ஒன்றில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தொன்று. அவர் குருவாகத் தேடிப் போன பஸ் ஸ்டாண்டுப் பேக்கரி பல்கீஸுக்கு முப்பத்து நான்கு.

பல்கீஸ் அடுப்புக்கு எதிரே நின்று ஒரு தடவை இருமினால், உள்ளே இருக்கும் பன்கள் நிமிர்ந்து உட்காரும் என்பார்கள். நான் பார்த்த அன்று இரண்டு பன்கள்தான் நிமிரவில்லை. அவற்றுக்குக் காது மந்தம்.

"எதுக்கு சார் இந்த வயசுல ஓவனோட மல்லுக்கட்டறீங்க?"

"என் சம்சாரம் ரூபிக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆச்சு. எண்ணெய்ல பொரிச்சது கூடாதுன்னுட்டார் டாக்டர். நாலு மாசமா ரெண்டு வாய்க்கு மேல சாப்பிடறதில்ல. நடக்கச் சொன்னா வாசப்படி தாண்டறதில்ல. போன வாரம் அவளா வாயைத் திறந்து கேட்டா, அந்தக் காலத்து பஸ் ஸ்டாண்டு ஃபிங்கர் சிப்ஸ் வேணும்னு. அவ கேட்டது அது ஒண்ணுதான்."

பல்கீஸ் ஒரு கிலோ உருளைக்கிழங்கை அவர் முன்னால் வைத்தாள்.

அவர் விரல் கனத்துக்கு நறுக்கினார். அரை மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் போட்டார். எடுத்துத் துண்டால் துடைத்தார்.

அவள் அந்தத் துண்டைப் பிழிந்து காட்டினாள்.

வேறு துண்டு கொடுத்தாள். மூன்றாவது துண்டு காய்ந்தபடியே திரும்பி வந்தபோதுதான் தலையசைத்தாள்.

ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெய். மிளகாய்த் தூள், மிளகுத் தூள், பூண்டுப் பொடி, கொஞ்சம் அரிசி மாவு. உப்புக்குக் கை போனது. கரண்டியால் ஒரு தட்டு விழுந்தது.

"வெந்த பிறகு."

ட்ரேயில் குவித்தார். அவள் ஒன்றோடொன்று படாமல் பிரித்து அடுக்கினாள்.

"பாதி வெளியே நிக்குதே மாஸ்டரம்மா?"

"அதுங்க அடுத்த பஸ்ல வரட்டும்."

ஓவன் கதவை இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து மோந்து பார்த்தார். ஆலையில் தேயிலை உலர்த்தும்போது அப்படித்தான் ஒரு கை அள்ளி மோந்து பார்ப்பாராம். சூடெல்லாம் வெளியே ஓடியது.

பல்கீஸ் ஒரு நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டாள். அவரை உட்கார வைத்தாள்.

"சுவர்ல என்ன தெரியுது?"

"ஒண்ணுமில்ல."

"அதையே பாருங்க."

மூன்று நாள் சுவரைப் பார்த்தார். நான்காம் நாள் தன் வீட்டிலேயே செய்தார். ஒன்றை ஒடித்தார். யாரோ விறகு வெட்டுகிறார்கள் என்று எதிர்மலைக் குரங்குகள் எழுந்து நின்று பார்த்தன. இது நான் சொல்வதில்லை, குரங்குகளே சொன்னது.

ஐந்தாம் நாள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"மொறுமொறுன்னு வரலையா சார்?"

"வந்துச்சு. ரூபி ஒண்ணு கடிச்சா. 'நல்லாத்தான் இருக்கு, ஆனா இது அது இல்லீங்க'ன்னு தட்டைத் தள்ளி வெச்சிட்டா. நான் தோத்துட்டேன் மாஸ்டரம்மா."

பல்கீஸ் அப்போதுதான் ஒரு ட்ரேயை வெளியே எடுத்திருந்தாள்.

"அந்தக் காலத்துல வாங்கி அங்கேயே நின்னு தின்பீங்களா?"

"ஐயோ! ஞாயித்துக்கிழமை, சர்ச் விட்டு ஊரே வர்ற நேரம். புதுப்பொண்ணு ரோட்டுல நின்னு தின்னா சிரிக்க மாட்டாங்களா?"

"அப்ப வீட்டுக்குக் கொண்டு போயா?"

"வீட்டுல அம்மா, தம்பி, தங்கச்சின்னு ஒன்பது பேரு. கொண்டு போனா ரூபிக்குப் பேப்பர்தான் மிஞ்சும்."

"பின்ன எங்கதான் தின்னீங்க?"

தேவசகாயம் சிரித்தார். அந்தச் சிரிப்பில் நாற்பத்தைந்து வருடம் அவர் முகத்தை விட்டு இறங்கிப் போனது.

"ஸ்வெட்டருக்குள்ள ஒளிச்சு வெச்சுக்கிட்டு மேட்டுல ஏறுவோம். வீட்டுக்கு நூறடி கீழ ஒரு வளைவு. பனி இறங்கிட்டா பக்கத்துல நிக்கறவங்க மூஞ்சிகூடத் தெரியாது. அங்கதான் பிரிப்போம்."

"எவ்வளவு நேரம் நடை?"

"முக்கால் மணி இருக்கும். அவ சேலையோட ஏறணுமே."

"அதுவரைக்கும் மொறுமொறுன்னா இருந்துச்சு?"

தேவசகாயத்தின் கை தன் ஸ்வெட்டரைத் தடவியது.

"கம்பளி வாசனை அடிக்கும்," என்றார் மெல்ல. "துவண்டு போய்ப் பேப்பரோட ஒட்டிக்கிட்டு இருக்கும். ரெண்டு பேரும் நகத்தால சுரண்டி..."



பல்கீஸ் ட்ரேயில் இருந்ததைச் சூட்டோடு ஒரு பேப்பரில் கொட்டி இறுக்கிச் சுருட்டினாள். அவர் கையில் கொடுத்தாள். அவருடைய ஸ்வெட்டர் பட்டனைப் பார்த்து முகவாயை அசைத்தாள்.

"ஆட்டோ பிடிச்சிராதீங்க சார்."

மலை மேலிருந்து பனி இறங்கத் தொடங்கியிருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து, அந்த வளைவில் மூச்சு வாங்க நின்று, தேவசகாயம் வீட்டுக்கு ஃபோன் போட்டார்.

"ரூபி," என்றார். "செருப்பைப் போடு."