ஆறடி அகல சைக்கிள் பாதையும் நாலு அண்ணன் தம்பிகளும்

என் மாமனார் முருக பக்தர். நாலு பிள்ளைகளுக்கும் முருகன் பெயரையே வைத்தார்: ஆறுமுகநயினார், வேலாயுதம், செந்தில்நாயகம், முத்துக்குமார். பெயர்தான் நாலு, மூளை எல்லாருக்கும் சேர்த்து ஒன்று. அதுவும் அன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. இதில் இரண்டாமவரை எனக்குக் கட்டிவைத்தார்கள்.

மூத்தவர் நயினாரின் மகள் மங்கைக்குக் கோபன்ஹேகனில் வேலை. ஹென்ரிக் என்ற டென்மார்க்காரப் பையனைப் பிடித்துப்போய், கல்யாணத்தையும் அங்கேயே வைத்தாள். நாங்கள் திருநெல்வேலியிலிருந்து கிளம்புமுன், அந்த ஊரில் எப்படி நடந்துகொள்வது என்று வாட்ஸப்பில் விவரமாக எழுதி அனுப்பினாள். பெண்கள் ஒருமுறை படித்தோம். அண்ணன் தம்பிகள் மனப்பாடமே செய்தார்கள்.

'குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம்' என்று எழுதியிருந்தாள். ஹோட்டலில் ஜாடி நிறைய வைத்த தண்ணீரை நால்வரும் தொடவில்லை. வரிசையாகப் பாத்ரூமுக்குப் போய், குழாயில் வாயை வைத்துக் குடித்துவிட்டு வந்தார்கள்.

'ரயிலில் அமைதிப் பெட்டி உண்டு, அதில் பேசக்கூடாது' என்றும் எழுதியிருந்தாள். விமான நிலையத்திலிருந்து போகும்போது நால்வரும் அதில்தான் ஏறினார்கள். இறங்கவேண்டிய ஸ்டேஷன் வந்தது. அடுத்த பெட்டியிலிருந்து நாங்கள் இறங்கிக் கையை ஆட்டினோம். அவர்களும் ஆட்டினார்கள். "இறங்குவோமா?" என்று கேட்க ஒருவரும் வாயைத் திறக்காததால், கடைசி ஸ்டேஷன்வரை அமைதியாகப் போய்விட்டு வந்தார்கள்.

கல்யாணத்தன்று பெண்கள் முன்னாலேயே மண்டபம் போய்விட்டோம். தாலிப் பெட்டி நயினார் அத்தானிடம். "அய்யர் கேக்கறவரைக்கும் யார் கையிலயும் குடுத்திராதிய" என்று அவர் சம்சாரம் சொல்லியிருந்தாள். சொன்னது யாரிடம் என்று யோசித்திருக்க வேண்டாமா?

பின்னால் நால்வரும் வந்த பஸ் நின்றதென்னவோ மண்டபத்துக்கு நேரெதிரில்தான். ஆனால் இறங்குவதற்கு அங்கே ஒரு சின்ன மேடை. மேடைக்கும் நடைபாதைக்கும் நடுவே ஆறடி அகலத்தில் சைக்கிள் பாதை. 'சைக்கிள் பாதையில் சைக்கிள் மட்டும்தான் போகலாம்' என்பது மங்கை வாக்கு. கூட இறங்கிய வெள்ளைக்காரர்கள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார்கள்.

"அவங்க போறாங்களே?" என்றார் கடைசித் தம்பி முத்துக்குமார்.

"அவங்களுக்கு மங்கை எழுதி அனுப்பலியேல. எப்படித் தெரியும்?" என்றார் நாயகம்.

உள்ளே அய்யர் கடிகாரத்தைப் பார்த்தார். முகூர்த்தம் முடியக் கால்மணி நேரம் இருந்தது. மாப்பிள்ளை வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். நான் வெளியே ஓடினேன்.

"அத்தான், நடந்து வாங்க! ஆறடிதான!"

"சைக்கிள் இல்லாம எப்படிம்மா?"

எனக்குக் கான்வென்டில் பொறுமையைத் தவிர எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். வாசலில் மாப்பிள்ளையின் சைக்கிள் நின்றது. அதைத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய் மேடையில் நிறுத்தினேன்.

"இந்தாங்க சைக்கிள். இல்லன்னா பெட்டியையாவது குடுங்க."

"நீ அய்யரா?" என்றார் அத்தான். நான் திரும்பி வந்துவிட்டேன்.

முதலில் முத்துக்குமார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். எனக்கு உயிர் வந்தது. உடனே நாயகம் அங்கிருந்து கத்தினார்: "எலேய், சைக்கிளக் கொண்டாந்து குடு! நாங்க எப்படி வாரது?" முத்துக்குமார் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

அடுத்து நாயகம் வந்தார், போனார். என் வீட்டுக்காரர் வந்தார்.

"அத அங்க உருட்டி விடுங்களேன்!" என்றேன்.

"ஏட்டி, ஆளில்லாம சைக்கிள் போகுமா? கூறுகெட்டவளா இருக்கியே" என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

கடைசியில் தாலிப் பெட்டியோடு நயினார் அத்தானே வந்தார். கைக்கெட்டிய தூரத்தில் தாலி. "அப்படியே உள்ள போங்க அத்தான், மக காத்திருக்கா!"

"தம்பிமார அத்துவானத்தில விட்டுட்டா?" என்று கண்கலங்கிச் சைக்கிளைத் திருப்பினார்.

உள்ளே போய் அய்யர், பொண்ணு, மாப்பிள்ளை, மேளம், அட்சதைத் தட்டு எல்லாவற்றையும் கிளப்பிக்கொண்டு மேடைக்குப் போனேன். அய்யர் கேட்டார், அத்தான் கொடுத்தார். பஸ் ஸ்டாப்பில் வைத்து ஹென்ரிக் மங்கைக்குத் தாலி கட்டினான். அந்தப் பக்கமாக வந்த சைக்கிள்காரர்கள் மணியடித்து வாழ்த்தினார்கள்.

மூன்றாவது முடிச்சு விழவும் ஒரு பஸ் வரவும் சரியாக இருந்தது. 'பஸ் கதவு திறந்ததும் ஏறிவிடுங்கள், யாருக்காகவும் நிற்காது' என்பது மங்கை எழுதியனுப்பியதில் கடைசி வரி. கதவு திறந்தது. நால்வரும் கையில் மிச்சமிருந்த அட்சதையோடு ஏறிவிட்டார்கள்.

பந்தி முடிந்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் அந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரி அதே சைக்கிளில் ஏறி ஊர்சுற்றக் கிளம்பிவிட்டார்கள். கடைசியாகப் பாயசத்தை எடுத்துக்கொண்டு நான் வாசலுக்கு வந்தபோது எதிரே பஸ் வந்து நின்றது. நால்வரும் இறங்கினார்கள். அதே மேடை.

"மதினி, அந்த சைக்கிள் எங்க?" என்று கத்தினார் முத்துக்குமார்.

"மங்கை கொண்டுபோயிட்டா!"

நால்வரும் தலைகளைச் சேர்த்துவைத்து வெகுநேரம் ஆலோசித்தார்கள். பிறகு நயினார் அத்தான் நிமிர்ந்தார்.

"பரவாயில்லம்மா, நாங்க நிக்கோம். மறுவீட்டுக்கு வருவால்லா, அப்ப சைக்கிள எடுத்துட்டு வரச்சொல்லு."