மறுபடியும் மேலே

சோளக்காட்டுக்கு நடுவே ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி இருந்தது. பள்ளி என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு ஓடுதளம், இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு குட்டி விமானம். சொல்லிக்கொடுத்தவர் ரொவீனா. தூத்துக்குடிக்காரர், நாற்பதைத் தொடாதவர். கற்றுக்கொண்டவர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டில் போர்வெல் லாரிகள் வைத்திருப்பவர், அறுபதை நெருங்குபவர். குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம் என்பதில் குருவுக்கு வருத்தமில்லை. சீடருக்குத்தான் கொஞ்சம் இருந்தது.

ஒவ்வொரு நாளும் தரையிறங்கியதும் அர்த்தநாரி ஒன்றையே கேட்பார்.

"ஏனுங் அம்மணி, என்னையத் தனியா எப்ப உடுவீங்க?"

"உங்களுக்கு இன்னும் ஒண்ணு வரலை சார்."

"என்னங்க வரலை? ஏத்தறேன், திருப்பறேன், எறக்கறேன்."

"எறக்காம விடறதுக்கு வரலை."

அர்த்தநாரிக்கு இது கிண்டலாகப் பட்டது.

ரொவீனா கிண்டல் செய்யவில்லை. இறங்கும்போது உயரம் கூடிப்போகலாம், வேகம் மிஞ்சலாம், காற்று பக்கவாட்டில் தள்ளலாம். அப்போது இறங்குவதைக் கைவிட்டு, இன்ஜினுக்கு முழு விசை கொடுத்து மேலே ஏறி, ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி வர வேண்டும். பெரிய விமானிகளும் செய்கிற காரியம்தான். ஆனால் அர்த்தநாரியின் கண்ணில் ஓடுதளம் பட்டுவிட்டால் போதும், எப்படியாவது சக்கரத்தைத் தரையில் பதித்துவிடுவார். தொழிலிலும் அப்படித்தான். குழி போட ஆரம்பித்தால், வெறும் புழுதி பறந்தாலும் தண்ணீர் பார்க்காமல் லாரியைக் கிளப்ப மாட்டார். ஊரில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். அவரும் சொல்வார்.

ஒரு நாள் ரொவீனா சொன்னார்: "வெள்ளிக்கிழமை என்கூட ஒரு சுற்று சரியா பறந்து காட்டுங்க. காட்டிட்டா அன்னைக்கே தனியா விடறேன்."

முதல் பாதியை அர்த்தநாரி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஓடுதளத்துக்கு இரண்டு வேன்கள் வந்தன. பங்காளிகள், மாமன் மச்சான்கள், சம்பந்தி வீட்டார் என்று எல்லோரும் இறங்கினார்கள். 'விமானி அர்த்தநாரியை வாழ்த்தி வரவேற்கிறோம்' என்று ஆளுயர ஃப்ளெக்ஸ் ஒன்றும் இறங்கியது. அதில் அவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். விமானத்துக்கு மாலை போட்டார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கலாமா என்று கேட்டார்கள். ரொவீனா தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

அர்த்தநாரியின் மகள் கோகிலவாணியும் கணவனோடும் மாமியாரோடும் வந்திருந்தாள். லட்டுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். கேட்டால் பதில் சொன்னாள். கேட்காதபோது பேசவில்லை.

"இவ்வளவு பேரை எதுக்கு சார் கூட்டிட்டு வந்தீங்க?"

"நல்ல காரியம்னா நாலு பேரு வேண்டாமுங்களா?"

ரொவீனா மாலையைக் கழற்றி வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

ஏறியது நன்றாக இருந்தது. திரும்பியதும் நன்றாக இருந்தது. இறங்க வரும்போது காற்று மாறியது. விமானம் உயரமாகவும் வேகமாகவும் ஓடுதளத்தை விட்டு விலகியும் வந்தது. கீழே எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அர்த்தநாரி விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்தினார். ரொவீனா பொறுத்துப் பார்த்தார். தரை நெருங்கியது. அர்த்தநாரி இன்னும் அழுத்தினார்.

"விடுங்க, நான் பாத்துக்கறேன்."

ரொவீனா விமானத்தைத் தன் கைக்கு வாங்கி மேலே ஏற்றினார். கீழே இருந்தவர்கள் இது ஒரு சாகசம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

"ஏன் சார் மேல ஏறலை?"

"அத்தன பேரு நிக்கறாங்க. எறங்காமப் போனா என்ன நெனைப்பாங்க?"

ரொவீனா விமானத்தைத் திரும்ப அவர் கையில் கொடுத்தார். பிறகு, "மறுபடி வாங்க" என்றார்.

இந்த முறை காற்று அடங்கியிருந்தது. உயரம் சரி, வேகம் சரி, ஓடுதளம் நேராக இருந்தது. தரைக்கு ஒரு பனைமர உயரம் இருக்கும்போது ரொவீனா சொன்னார்:

"மேல ஏறுங்க."

"எதுக்குங்க? நல்லாத்தான வருது?"

"ஏறுங்க சார்."

பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினார். கீழே கைதட்டல் பாதியாகக் குறைந்தது.

அடுத்த முறை இன்னும் நேர்த்தியாக வந்தார். அப்போதும் "ஏறுங்க" என்றார் ரொவீனா. கீழே பெண்கள் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமன் ஒருவர் லட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டார்.

"அம்மணி, மானம் போவுதுங்க."

"போகட்டும் சார். ஏறுங்க."

சுற்று மேல் சுற்றாக வந்தார்கள். வெயிலும் ஏறியது. ஒரு சுற்றில் ஃப்ளெக்ஸைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த சுற்றில் வேன்களில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கோகிலவாணி கடைசியாக நின்றாள். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள். உள்ளேயிருந்து யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு ஏறினாள். வேன்கள் சோளக்காட்டு வழியாகப் போனதை அர்த்தநாரி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த முறை இறங்க வந்தபோது, ரொவீனா வாயைத் திறப்பதற்கு முன் அவராகவே மேலே ஏற்றினார்.

"ஏன் சார்? நல்லாத்தானே வந்துச்சு?"

"மனசு இதுல இல்லீங்க. தப்பா எறக்கிடுவேன்னு தோணுச்சு."

ரொவீனா தலையசைத்தார். "இப்ப எறக்குங்க."

அலுங்காமல் இறக்கினார். ஓடுதளத்தின் ஓரத்தில் யாருமில்லை. ரொவீனா தன் பெல்ட்டைக் கழற்றினார்.

"நான் எறங்கிக்கறேன். நீங்க தனியா போகலாம் சார்."

இத்தனை மாதமாகக் காத்திருந்த சொல். அர்த்தநாரிக்குச் சந்தோஷம் வரவில்லை.

"கொஞ்சம் இருங்க அம்மணி" என்றார். இன்ஜினை நிறுத்தினார். "கடைசியா வேன்ல ஏறுச்சே, அது என் மக."

"தெரியும் சார்."

"கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால எங்கிட்ட வந்து, வேண்டாம்ப்பா, அந்த மனுசனப் பாத்தா பயமா இருக்குதுன்னு சொல்லுச்சு. பத்திரிகை குடுத்தாச்சு கண்ணுன்னு சொல்லிட்டனுங்க. மண்டபம் புடிச்சாச்சு, சமையக்காரனுக்குச் சொல்லியாச்சு, ஊரே வருது. நிறுத்துனா என்ன நெனைப்பாங்க?"

அர்த்தநாரி வேன்கள் போன வழியைப் பார்த்தார்.

"அன்னைக்கே மேல ஏத்தியிருக்கணும். ஏத்தலீங்க. எம்மகளுங்க அது. நான் ஏத்தலை."

அர்த்தநாரி அழுதார். போர்வெல் லாரியின் இரைச்சலில் நின்று பழகிய மனிதர், சத்தமில்லாமல் அழுதார். ரொவீனா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கினார், குடிக்கவில்லை.

"அப்பறம் ஒருக்கா வந்துச்சு. பையத் தூக்கிட்டு பஸ் ஏறித் தனியா வந்துச்சு. சோறு போட்டு, நானே கார்ல கொண்டுபோய் அங்க உட்டுட்டு வந்துட்டன். வழி பூராவும் ஒரு வார்த்தை பேசலீங்க. அதுலருந்துதான் இப்பிடி. எதுவுமே கேக்கறதில்ல."

முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா தாலி ஏறிடுச்சுங்களே. அதுக்கு மேல நான் என்ன பண்ண முடியும்? சக்கரம் தரையத் தொட்டாச்சுன்னா தொட்டதுதானுங்க? அப்பறம் ஏத்த முடியாதில்லீங்க?"

முடியாது என்று ஒரு வார்த்தை ரொவீனா சொல்லிவிட்டால் போதும் என்பதுபோல அவர் முகத்தையே பார்த்தார். சொல்லிவிடலாமா என்று ரொவீனாவுக்கும் ஒரு கணம் தோன்றியது. பெரிய மனிதர், உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பொய்தானே.

ரொவீனா கழற்றிய பெல்ட்டைக் கையில் பிடித்தபடி சொன்னார்:

"தொட்ட பிறகும் ஏத்தலாம் சார். முன்னால ஓடுதளம் மிச்சம் இருந்தா போதும்."