ஏணிக் கம்பி

"இதென்ன மேடம், துணி காயப்போடுற கொடி மாதிரி? எல்லாரும் போடுற கேபிளையே போட்டிருக்கலாம்ல?"

கேட்டவர் சடகோபன். ஓய்வுபெற்ற மின்வாரிய லைன்மேன். எதையும் இறுக்கிக் கட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ரேடியோ கற்றுக்கொடுக்கும் தமயந்திக்கு அவர் வயதில் பாதிகூட இல்லை.

புயலில் தீவின் பாலம் போய்விட்டது. போனும் இல்லை. முகாமாகிவிட்ட பள்ளிக்கூடத்தின் அடுத்த அறையில், பிரசவ வலியில் சடகோபனின் மகள் குயிலி. உதிரம் நிற்கவில்லை. கரையிலிருந்து படகு வந்தாக வேண்டும்.

"இந்த ஒரே ஏரியல்ல எல்லா அலைவரிசையிலும் கூப்பிடணும். கேபிள்னா வழியிலேயே சக்தியில பாதியைத் தின்னுடும். பேட்டரி தாங்காது."

இரண்டு கம்பிகள். நடுநடுவே குச்சி வைத்துப் பிரித்தவை. பார்க்க ஏணிதான்.

சடகோபன் அதை மொட்டை மாடி ஏரியலிலிருந்து ரேடியோ இருந்த அறையின் ஜன்னல்வரை இறக்கினார்.

தமயந்தி கூப்பிட்டாள். இரைச்சல் மட்டுமே. அலைவரிசையை மாற்றினாள். இரைச்சல்.

"நான் சரியாத்தான் கட்டினேன் மேடம்!"

அவள் வெளியே வந்து பார்த்தாள். மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியோடு சேர்த்து, முடிச்சு முடிச்சாக, அழகாகக் கட்டியிருந்தார்.

கத்தியை எடுத்தாள். ஒவ்வொரு முடிச்சாக அறுத்தாள்.

"ஐயோ, என்ன பண்றீங்க? கேபிளை இப்படித்தானே கட்டுவோம்!"

"அது கேபிள். இது இரும்பையோ கையையோ தொட்டா அலை வெளியே போகாது."

கம்பி காற்றில் துள்ளியது. சடகோபன் பாய்ந்து இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

தமயந்தி உள்ளே போய் ரேடியோ முன் உட்கார்ந்தாள்.

"கையை எடுங்க சார்."

"அத்துடும் மேடம்! என் பொண்ணு உயிரே இதுலதான் இருக்கு!"

"தெரியும். கையை எடுங்க."

"காத்தைப் பாருங்க!"

அவள் மைக்கைக் கையில் பிடித்தபடி ஜன்னல் வழியே அவரையே பார்த்தாள்.

உள்ளே குயிலி அலறினாள்.

சடகோபன் பிடியை விட்டார்.

கம்பி ஆடியது. வளைந்தது. மறுபடி ஆடியது. அறுந்தால் கட்ட வேறு கம்பி இல்லை. தமயந்தி ட்யூனரைத் திருகினாள், கூப்பிட்டாள்.

இரைச்சல்.

மறுபடியும் கூப்பிட்டாள். இரைச்சலுக்குள்ளிருந்து கரையின் குரல்:

"தீவுப் பள்ளிக்கூடம், உங்க குரல் கேக்குது. டாக்டரோட படகு கிளம்புது. பேசிட்டே இருங்க."

காற்று இன்னும் வலுத்தது. கம்பி சுவர்ப்பக்கம் சாய்ந்தது.

சடகோபனின் கை தானாக எழுந்தது. அதை மற்றக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.