முத்திரை விழாத இழை

"அந்தப் புது அட்டெண்டரை மாத்திடுங்க மேடம்" என்றார் தில்லைநாயகம். "அவங்க லேபுக்குச் சரிப்பட மாட்டாங்க."

குந்தவி நிமிர்ந்து பார்த்தார்.

தில்லைநாயகத்துக்கு ஐம்பத்தொரு வயது. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்தவர். அவருடைய வழிகாட்டி குந்தவிக்கு முப்பத்தாறு. தன்னைவிடச் சின்னவரிடம் மாணவராக இருப்பதில் அவருக்கு வெட்கம் இல்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம் வேறு ஒன்று இருந்தது.

மேசைமேல் ஒரு சிறு குப்பி. எட்டு மாதம் பாடுபட்டு, பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்துச் சுத்தம் செய்த நொதி. டி.என்.ஏ. நகலில் விழும் எழுத்துப்பிழையைச் சரிசெய்ய உதவுவது. ஃப்ரீசரில் இருக்க வேண்டியது, வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து திங்கள் காலை வரை வெளியே கிடந்து வீணாகிவிட்டது.

எடுத்து வெளியே வைத்தவர் தில்லைநாயகம்தான். யாரோ டீக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டார். அது அவருக்கு மட்டுமே தெரியும்.

"அவங்கதான் வச்சாங்கன்னு எப்படிச் சொல்றீங்க சார்?"

"அஞ்சு வருஷமா நாங்க இருக்கோம், ஒண்ணும் ஆகலை. அவங்க வந்து ஒரு மாசம்கூட ஆகலை, அதுக்குள்ள இப்படி. வேற யாரு?"



அந்த அட்டெண்டர் அமலோற்பவம், கணவர் இறந்த பிறகு கருணை அடிப்படையில் வேலைக்கு வந்தவர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவர் பெயரில் ஒரு மெமோ போனால் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

குந்தவி மெமோத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது. பிறகு எழுந்து போய்ப் பலகையில் இரண்டு கோடு இழுத்தார்.

"அடுத்த மாசம் உங்களுக்கு வைவா. இது டி.என்.ஏ.வோட ரெண்டு இழை. ஒரு இடத்துல பொருந்தலை. எது தப்புன்னு உங்க நொதி எப்படி முடிவு பண்ணும்?"

அப்பாடா, பேச்சு மாறியது. தில்லைநாயகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இருபத்தைந்து வருடம் வகுப்பெடுத்த வாய் அல்லவா.

"பழைய இழையில அங்கங்க முத்திரை இருக்கும் மேடம். அதைப் பார்த்து நகலெடுத்த புது இழைக்கு முத்திரை இன்னும் விழுந்திருக்காது. முத்திரை இல்லாததை வெட்டிடும்."

"அதுலதான் தப்பு இருக்குன்னு படிச்சுப் பார்க்குமா?"

"இல்ல மேடம், அதுக்குப் படிக்கத் தெரியாது. முத்திரை இருக்கா, இல்லையா. அவ்வளவுதான்."

"தப்பு பழைய இழையில இருந்தா?"

"சரியானதை வெட்டிப் போட்டுடும். தப்பு அப்படியே நிலைச்சு..."

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை அவருக்குத் திடீரென்று கனத்தது.

குந்தவி வாசல் பக்கம் திரும்பினார். "அமலோற்பவம், உள்ள வாங்கம்மா."

பிறகு பேனாவைத் தில்லைநாயகத்திடம் நீட்டினார். "புகார் சொன்னது நீங்க. பேரையும் நீங்களே எழுதிடுங்க சார்."

அமலோற்பவம் ஈரக் கையோடு வந்து நின்றார். தாளைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. ஆனால் கெஞ்சவில்லை.

"என் பேரு கொஞ்சம் நீளம் சார். எல்லாரும் தப்பாத்தான் எழுதறாங்க. பார்த்து எழுத எனக்கு இன்னும் ஐ.டி. கார்டும் வரலை. நானே சொல்லட்டுமா?"

பேனா தாளில் பட்டபடி நின்றது.

"வேணாம்மா" என்றார் தில்லைநாயகம். "இது எனக்கு நல்லா எழுத வர்ற பேருதான்."